கடுகும் பூசணிக்காயும்

பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்பதில் இப்போது சென்னையில் அபிப்பிராய பேதம் கிடையாது. ஒரு தடவை உபயோகித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பண்டங்கள் பலவற்றுக்கு 2019-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று சர்க்காரே ஓர் இயக்கம் ஆரம்பித்தது. மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கப் போகிறவர்களில் பலர் மறுபடியும் கையில் துணிப்பையோடு போகிறார்கள். நல்ல காரியம். இதைக் குறை சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை.

ஆனால், நல்ல காரியம் எதுவானாலும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு நாலு அரைகுறைக் காரியங்களும் கூடவே நுழைந்துவிடுவது உலக வழக்கம். கல்யாணத்தில் பிள்ளை வீட்டாரோடு பிள்ளை வீட்டாராக, இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் பந்தியில் உட்கார்ந்துவிடுவதில்லையா? அப்படி வந்து உட்கார்ந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். சினிமாப் படங்களின் டி.வி.டி.க்குப் போடுகிற 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' உறைதான் அது.

"டி.வி.டி.யா! அதன் காலம்தான் முடிந்துவிட்டதே?" என்று சில வாசகர்கள் கேட்கலாம். கடைகளிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது, வாஸ்தவம். வீடுகளிலிருந்து போகவில்லை. தியாகராய நகரிலோ அடையாற்றிலோ நடுத்தரக் குடும்பத்து வீடு ஒன்றில் டெலிவிஷனுக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து பாருங்கள். தாத்தா வாங்கிய சிவாஜி படங்கள், பாட்டி வாங்கிய பக்திப் படங்கள், பிள்ளை சேர்த்த ஆங்கிலப் படங்கள், பெண்ணின் கல்யாணம், பேரனின் ஆயுஷ்ஹோமம் எல்லாம் அடுக்காக இருக்கும். மாதச் சந்தா கட்டி இன்டர்நெட்டில் படம் பார்க்கும் வசதி வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அங்கே இந்த மாதம் இருக்கிற படம் அடுத்த மாதமும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கேட்டால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அலமாரியில் இருக்கும் தகட்டுக்கு எந்த ஒப்பந்தமும் முடிவதில்லை. உறை மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நம் ஊரில் இந்த உறை மெலிந்த கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அசல் டி.வி.டி. நூற்றுக்கணக்கான ரூபாய் விலை. திருட்டுப் பிரதியோ பர்மா பஜாரில் கொத்தமல்லிக் கட்டு மாதிரி கிடைத்தது. 2007-ஆம் வருஷ வாக்கில் மோசர் பேர் என்ற கம்பெனி வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விலை வைத்துக் கடைத்தெருவையே கலக்கியது. தமிழ்ப் படங்களும் அந்த விலைக்கு வந்தன. மற்றவர்களும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஓட்டலில் டிபன் சாப்பிடுகிற காசுக்கு ஒரு படத்தைச் சொந்தமாக வாங்கிக் கொண்டு போக முடிந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2015-ல்கூட டைரக்டர் சேரன் 'சி டு எச்' என்று ஒரு திட்டம் போட்டு, 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' என்ற புதுப் படத்தையே 50 ரூபாய் டி.வி.டி.யாக வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

ஆனால் முப்பது, நாற்பது ரூபாய்க்கு விற்கிற பண்டத்துக்கு நல்ல பெட்டி போட்டால் எந்த வியாபாரிக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே, மலிவு விலைத் தகடுகளில் பல வழவழப்பான அட்டை உறையிலும், மெல்லிய பிளாஸ்டிக் பையிலும், ஊதினால் பறக்கும் காகித உறையிலும் வந்தன. யார் போட்டது என்று பெயர் சொல்லத் தேவையில்லை. அநேகமாக எல்லோரும் போட்டார்கள். அப்போது அதற்குக் காரணம் சிக்கனம். சிக்கனம் என்றே சொன்னார்கள். அதே சமயத்தில் மேல்நாடுகளில் பெரிய சினிமாக் கம்பெனிகள் சுற்றுச்சூழலின் பெயரைச் சொல்லி, டி.வி.டி. பெட்டியில் அங்கங்கே ஓட்டை போட்டு பிளாஸ்டிக்கைக் குறைக்கத் தொடங்கின. இரண்டு காற்றும் சென்னையில் வந்து கலந்தன. முன்பு மலிவு என்று வெட்கத்தோடு ஒத்துக்கொண்ட அதே அட்டை உறையின் மூலையில் ஒரு பச்சை இலையை அச்சடித்து, 'இயற்கையைக் காப்போம்' என்று போட்டுவிட்டார்கள். வெட்கமும் போயிற்று, விலையும் ஏறிற்று. மார்கழி சீஸனில் ஒரு சபா வாசலில் நாட்டிய நாடக டி.வி.டி. ஒன்று வாங்கினேன். பச்சை இலை இருந்தது. விலை நல்ல பெட்டிக்கு உரிய விலைதான். வீட்டுக்கு வந்து அட்டையிலிருந்து தகட்டை உருவியபோதே அதன் மேல் நீளமாக இரண்டு கீறல் இருந்தது. இரண்டாவது அங்கத்தில் நாயகி ஒரு காலைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றுவிட்டாள்.

உறையின் குறைகளைச் சொல்வதற்கு முன், பழைய பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. சாதாரண டி.வி.டி. பெட்டி பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. தடிப்பு 14 மில்லிமீட்டர். நடுவில் ஒரு குமிழ் இருக்கும். தகட்டின் நடுத் துவாரத்தை அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு குமிழில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. படம் பதிந்திருக்கிற பரப்பு எதன் மீதும் படாமல் அந்தரத்தில் நிற்கிறது. எத்தனை தடவை எடுத்தாலும் வைத்தாலும் அதை ஒன்றும் உரசுவதில்லை.

அட்டை உறையில் இந்தத் தத்துவம் தலைகீழ். அங்கே தகட்டைப் பிடித்துக்கொள்வதே உரசல்தான். உறை இறுக்கமாக இருந்தால் எடுக்கும்போது தேய்கிறது. தளர்ந்திருந்தால் தானாக வெளியே வந்து விழுகிறது. இரண்டு விரலை உள்ளே விட்டு நோண்டி எடுக்க வேண்டியிருப்பதால் விரல் ரேகை முழுவதும் அதன் மேல். அட்டையாவது மெத்தென்று இருக்குமே என்று தோன்றும். ஆனால் அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: ஜன்னலைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் மேஜை மேல் விரலால் பெயர் எழுதலாம். கடல் மணலின் தூள், தகடு செய்த பிளாஸ்டிக்கைவிடக் கடினமானது. அட்டைக்குள் அது புகுந்துகொண்டால் உறை உப்புத்தாள் ஆகிவிடுகிறது. பெட்டிக்குள் புகுந்தால் ஒரு துணியால் துடைத்துவிடலாம். அட்டையின் உட்புறத்தை எப்படித் துடைப்பது?

வி.சி.டி.யின் கதி இன்னும் மோசம். டி.வி.டி.யில் படம் இரண்டு பிளாஸ்டிக் வில்லைகளுக்கு நடுவே இருக்கிறது. வி.சி.டி.யில் அது பெயர் அச்சடித்த மேல்பக்கத்துக்கு உடனே கீழே, ஒரு பூச்சு அரக்குக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் பழுதாகாது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் படமே உரிந்து போகும். கீழ்ப்பக்கத்துக் கீறலையாவது தேய்த்து மெருகிடலாம். மேல்பக்கத்துக்கு வைத்தியமே இல்லை. தமிழ்ப் படம் இரண்டரை மணிக்குக் குறையாது. ஒரு வி.சி.டி.யில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அடங்கும். ஆகவே படத்துக்கு இரண்டு தகடு, சில சமயம் மூன்று. அத்தனையையும் ஒரே உறைக்குள் திணித்திருந்தால் ஒன்றின் முதுகை மற்றொன்று பிறாண்டிக்கொண்டேதான் இருக்கும். ஒரே அறையில் மூன்று சம்பந்திகளைப் படுக்க வைத்த மாதிரிதான்.

ஓட்டைப் பெட்டி அட்டையைவிடத் தேவலை. குமிழ் இருக்கிறது. ஆனால் சுற்றிலும் பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டதால் பெட்டிக்கு முதுகெலும்பு இல்லை. கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி வளைகிறது. தபாலில் வரும்போது அழுந்தினால், மேலே உள்ள படத்தாளில் ஓட்டையின் வடிவம் அப்படியே குழியாகப் பதிந்துவிடுகிறது. குமிழிலிருந்து தகடு கழன்று, வழி நெடுக உள்ளேயே உருண்டு விளையாடிக்கொண்டு வந்து சேருகிறது. மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. மடிக்கிற அட்டைக்குள் பிளாஸ்டிக் தட்டு ஒட்டியது. பார்ப்பதற்கு வெகு லட்சணம். கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும். அதன் குமிழில் சிறு சிறு பற்கள் இருக்கின்றன. ஒரு பல் ஒடிந்தால் தகடு ஆடத் தொடங்கும். பழைய பெட்டி உடைந்தால் பத்து ரூபாய்க்கு வேறு வாங்கி மாற்றிவிடலாம். இதில் தட்டை அட்டையோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள், மாற்ற முடியாது. வேடிக்கை என்னவென்றால், அட்டையும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதால், பழைய சாமான்காரருக்கும் அது உபயோகப்படுவது கஷ்டம். ஒரே ஜாதிப் பிளாஸ்டிக்கில் செய்த பழைய பெட்டியை உருக்குவது இதைவிடச் சுலபம். பளபளப்புக்காக மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டைக்கும் இதே கதைதான். பச்சை இலை அச்சடித்திருப்பது அந்தப் படலத்தின் மேல்தான்!

காகிதம் இயற்கையான பொருள், ஆகவே சாதுவான பொருள் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்ற ஊரில் பிலிப்ஸும் டூபாண்டும் கூட்டாக நடத்திய தொழிற்சாலையில் 1988 முதல் 1993 வரை செய்த இசைத் தகடுகள் பல, சில வருஷங்களில் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போயின. காரணத்தைத் தேடிப் பார்த்தார்கள். அந்தத் தகடுகளுக்குப் பூசிய அரக்கு போதுமானதாக இல்லை. கூட வைத்திருந்த காகிதத்திலும் அட்டையிலும் இருந்த கந்தகம், அரக்கைத் தாண்டிப் போய் உள்ளே இருந்த உலோகப் பூச்சைக் கறுக்க வைத்துவிட்டது. எல்லாத் தகடுகளுக்கும் இந்தக் கதி நேரும் என்று நான் பயமுறுத்தவில்லை. பெரும்பாலான தகடுகளில் அலுமினியப் பூச்சு. அதற்கு இந்த வியாதி வருவதில்லை. ஆனால் உறை செய்கிறவர், உள்ளே வைக்கப் போவது என்ன என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதற்கு இது நல்ல அத்தாட்சி. 2003-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் தகடுகளைப் பாதுகாப்பது பற்றி நூலகங்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. தகட்டை அதற்கென்று செய்த பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, புஸ்தகம் மாதிரி நிமிர்த்தி, குளிர்ச்சியான, ஈரமில்லாத, இருட்டான இடத்தில் வை என்பதுதான் அதன் சாராம்சம்.

குளிர்ச்சியும் ஈரமின்மையும் சென்னைக்கு எங்கே வரும்? ஐப்பசி, கார்த்திகையில் அட்டை விறைப்பு விட்டு நைந்து போகிறது, பூஞ்சை பிடிக்கிறது. பசை இருக்கும் இடத்தைக் கரப்பான் மோந்து பார்க்கிறது. ராமபாணப் பூச்சிக்கோ அட்டை உறை விருந்துச் சாப்பாடு.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளம் வந்தபோது இந்த விஷயம் ஒரேயடியாகத் தீர்ப்பாகிவிட்டது. மேற்கு மாம்பலத்தில் தரைத் தளத்தில் குடியிருந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்து, வடிந்து, அவர்கள் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தார்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளும் சேற்றுத் தண்ணீர் புகுந்துதான் இருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்து, தகட்டை நல்ல தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் துடைத்து, நிழலில் நிறுத்தி வைத்தபோது பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. அட்டை உறையில் இருந்தவை ஒரே கூழ். அட்டை கரைந்து, பசை கரைந்து, மையும் கரைந்து, காய்ந்தபோது தகட்டோடு ஒன்றாக இறுகிவிட்டன. உரித்தால் மேல்பூச்சும் சேர்ந்து வந்தது.

அந்தக் கூழில் அவர்கள் பெண்ணின் கல்யாண டி.வி.டி.யும் இருந்தது. கல்யாணப் படம் எடுப்பவர்கள் இப்போது பிளாஸ்டிக் பெட்டியில் கொடுப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். மணமக்கள் போட்டோவை அச்சிட்டு, ஜிகினா வைத்து, நாடாக் கட்டி, 'கைவேலை, இயற்கைப் பொருள்' என்று அட்டைப் பையில் வைத்துத் தருகிறார்கள். கடையில் விற்கும் சினிமாத் தகடு அச்சுப் போட்டுச் செய்வது. கல்யாணத் தகடோ வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதுவது. அதில் படம் தங்கியிருப்பது ஒரு சாயப் பூச்சில். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் அது இன்னும் கொஞ்சம் பயப்படும். ஆகவே எல்லாத் தகடுகளிலும் அதிக ஜாக்கிரதையாக வைக்க வேண்டியது இதுதான். அதற்குத்தான் எல்லாவற்றிலும் அலங்காரமான, எல்லாவற்றிலும் பலவீனமான உறை. அந்தப் பெண்ணின் தகப்பனார் 2012-ல் காலமாகிவிட்டார். அவர் பேசுவதும் நடப்பதும் அந்த ஒரு தகட்டில்தான் இருந்தன. கன்னிகாதானத்தின்போது அவர் குரல் தழுதழுத்தது என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். இனிமேல் அது சொல்லக் கேட்கிற விஷயம்தான்.

இனி எதிர்க் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர்கள் சொல்வது இது: "கிராமபோன் ரிக்கார்டுகள் ஐம்பது, அறுபது வருஷம் அட்டை உறையில்தானே இருந்தன? அவற்றை யாரும் குறை சொல்லவில்லையே?" நல்ல கேள்வி. ஆனால் நல்ல ரிக்கார்டுக்கு அட்டைக்குள் இன்னோர் உள்ளுறை உண்டு. உறையும் ஓரடிச் சதுரம். வாயைத் திறந்து, ஓரத்தைப் பிடித்து, பரப்பில் கை படாமல் எடுக்க இடம் இருந்தது. அப்படியும் கீறல் விழுந்தது. விழுந்தால் ஒரு 'டக்' சத்தம் கேட்கும். பாட்டு தொடர்ந்து ஓடும். டி.வி.டி.க்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஓர் எல்லை வரையில் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் நின்றுவிடும். அட்டையின் பக்கம் ஒரு நியாயம் இருப்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அது வெளிச்சத்தை உள்ளே விடுவதில்லை. அந்த ஒரு குணத்துக்காக மற்றக் குறைகளைப் பொறுப்பதா என்பதுதான் கேள்வி.

"பூமிக்கு நல்லது" என்ற வாதத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தகட்டின் எடை சுமார் 15 கிராம். அதுவும் பிளாஸ்டிக்தான், பாலிகார்பனேட். உறையில் சில கிராம் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடித்து, அதனால் தகடு கெட்டுப்போனால், அந்த 15 கிராமும் குப்பை, அட்டையும் குப்பை. அதற்குப் பதில் வேறு தகடு வாங்கினால், அதைச் செய்த மின்சாரமும் கொண்டு வந்த லாரியின் டீசலும் புதுச் செலவு. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று நம் பாட்டிமார்கள் சொன்னது வேறு எதற்கு?

அப்படியானால் பெட்டியைக் குறைக்கவே கூடாதா? தாராளமாகக் குறைக்கலாம். எதைக் குறைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இசைத் தகடுகள் புதிதாக வந்தபோது, அவற்றின் சின்னப் பெட்டியை ஓரடி நீளத்துக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். பழைய ரிக்கார்டு வைத்த கடைத் தட்டுகளில் பொருந்த வேண்டும், திருடர்கள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம். வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் அந்தப் பெரிய பெட்டி நேரே குப்பைக்குப் போயிற்று. ரசிகர்களும் பாடகர்களும் கூச்சல் போட்டார்கள். 1993 ஏப்ரலில் அதை அடியோடு விட்டுவிட்டார்கள். ஒரு தகட்டுக்குக்கூட அதனால் கீறல் விழவில்லை. இது உண்மையான சிக்கனம். வாங்கிய அன்றே எறிகிற மேலுறை வேறு. பண்டம் உள்ள அளவும் அதனோடு வாழ்கிற காப்பு வேறு. முன்னதை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். பின்னதில் கை வைப்பது, எண்ணெய்ச் செலவைக் குறைக்கிறேன் என்று அகலின் அடியில் ஓட்டை போடுகிற மாதிரி.

இயற்கைப் பொருளால் நல்ல காப்புச் செய்ய முடியாது என்றும் நான் சொல்லவில்லை. பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. ஐயர் காலமான மறு வருஷம், 1943-ல், ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவியது. அங்கே உள்ள ஓலைச் சுவடிகளைப் பார்த்தால் நம் முன்னோர்கள் உறை என்பதை எப்படி நினைத்தார்கள் என்று விளங்கும். ஓலை இயற்கைப் பொருள். மேலும் கீழும் வைக்கும் மரச் சட்டம் இயற்கைப் பொருள். கட்டுகிற கயிறும் இயற்கைப் பொருள். ஒரு துளி பிளாஸ்டிக் கிடையாது. ஆனால் சட்டம் ஓலையைவிட ஒரு சுற்றுப் பெரியது. ஓலையின் ஓரம் ஒடிய வேண்டுமானால் முதலில் சட்டம் உடைய வேண்டும். ஓலை என்ன குணமுள்ளது, எதற்குப் பயப்படும், எத்தனை தலைமுறை இருக்க வேண்டும் என்று முதலில் யோசித்தார்கள்; உறையைப் பற்றி அப்புறம் யோசித்தார்கள். நம்முடைய பச்சை இலைக்காரர்கள் உறையிலேயே ஆரம்பித்து உறையிலேயே முடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதுவானேன், ஒரு சினிமாத் தகடுதானே என்று தோன்றலாம். தமிழ் சினிமாவின் சரித்திரத்தைப் பாருங்கள். கீழ்ப்பாக்கத்துப் பக்கம் ஆர். நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. புனாவில் சர்க்கார் காப்பகத்துக்குச் சொந்தமான பழைய படச் சுருள்கள் ஏராளமாக 2003 ஜனவரியில் நெருப்புக்கு இரையாயின. படத்தைப் பத்திரமாக வைப்பது நம் ஜாதகத்தில் இல்லாத சங்கதி. இந்த நிலையில், பிரபலமாகாத எத்தனையோ படங்களுக்கு, ஒரு சாதாரண மனிதன் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய பிரதி அந்த 34 ரூபாய்த் தகடு ஒன்றுதான். அதை அச்சிட்ட கம்பெனியைக் கலைத்துவிடும்படி 2018-ல் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுவிட்டது. விற்ற பெரிய கடைகளில் பல இன்று இல்லை. அன்றைக்குத் தகடு கெட்டால் ரங்கநாதன் தெருப் பக்கம் போய் இன்னொன்று வாங்கிவிடலாம். ஆகவே உறை மோசமாக இருந்தது ஒரு சின்ன அசௌகரியம். இன்றைக்கு அது கெட்டால் கெட்டதுதான். உறை செய்தவர் விற்பனை நாளோடு தம் வேலை முடிந்தது என்று நினைத்தார். உறையின் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பமாயிற்று.

வெளியீட்டாளர்களிடம் நாம் கேட்க வேண்டியது அதிகமில்லை. மேலே சுற்றும் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிடட்டும். விளம்பரத் துண்டுகளை நிறுத்தட்டும். பெட்டியின் தடிப்பைப் பாதியாக்கட்டும். பாதித் தடிப்பில் ஓட்டையில்லாத நல்ல பெட்டிகள் இருக்கின்றன. அட்டைதான் போடுவேன் என்றால், உள்ளே மெத்தென்ற உள்ளுறை ஒன்று வைத்து, தகட்டை ஓரம் பிடித்து எடுக்க இடம் விட்டுப் போடட்டும். ஆனால் தகட்டின் முகத்தில் ஒன்றும் உரசக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் விட்டுவிட வேண்டாம். கல்யாணப் படக்காரர்களிடம் ஜிகினாப் பை வேண்டுமானால் தனியாகக் கொடுங்கள், தகட்டைப் பெட்டியில் கொடுங்கள் என்று பெண் வீட்டார் கண்டிப்பாகச் சொல்லலாம். அதற்கு மேல் பத்து ரூபாய் ஆகாது.

நம் வீட்டு அலமாரிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கெட்டுப்போன தகடுகளின் காலிப் பெட்டிகள் எல்லோர் வீட்டிலும் பத்துப் பதினைந்து இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல் கழுவித் துடைத்து, அட்டையில் கிடக்கிற தகடுகளை அவற்றுக்கு மாற்றிவிடலாம். அட்டையைக் கிழிக்க வேண்டாம். மடித்து அதே பெட்டியின் மூடிப் பக்கம் செருகிவைத்தால் படத்தின் பெயர் தெரியும். கல்யாண டி.வி.டி.யை மட்டும், பெட்டிக்கு மாற்றுவதோடு நிறுத்தாமல், கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏட்டுக்குப் பூச்சி வருவதற்கு முன்னால் படி எடுத்து வைப்பது நமக்குப் புதிதல்ல. மழைக்காலம் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதற்குப் போதும்.